அணு கடிகாரத்த 1 மில்லிமீட்டர் தூக்குனாலே நேரம் மாறுமாம், அப்போ எந்த கடிகாரம் சரி?

மூணாம்பெஞ்ச் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், பி.எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். நேத்து ஒரு வீடியோ பாத்தேன், அமெரிக்கால கொலராடோல ஜிலான்னு ஒரு லேப் இருக்காம், அங்க ஒரே அணுக்கூட்டத்துக்குள்ளயே மேல இருக்குற அணுவுக்கும் ஒரு மில்லிமீட்டர் கீழ இருக்குற அணுவுக்கும் நேரம் வேற வேற வேகத்துல ஓடுறத அளந்துட்டாங்களாம். ஈர்ப்பு ஜாஸ்தியா இருக்குற பக்கம் நேரம் மெதுவா போகும்ங்குறது ஓகே, ஐன்ஸ்டீன் சொன்னது, ஒத்துக்குறேன்.

என் குழப்பம் வேற. உயரம் மாறுனா மாறுது, காந்தப்புலம் பட்டா மாறுது, ரூம் சூடானா மாறுது, லேசர் வெளிச்சம் பட்டாலே மாறுது. இத்தனைக்கும் ஆடுற ஒண்ண எப்படி உலகத்துலயே துல்லியமான கடிகாரம்னு சொல்றாங்க? ஆடாம இருந்தாதான கடிகாரம்? ரெண்டு கடிகாரம் ரெண்டு நேரம் காட்டுனா எது சரின்னு தீர்ப்பு சொல்றது யாரு? இதுல அதே அணுவ வச்சு சென்சாரும் பண்றாங்களாம். சென்சார்னா மாறணும், கடிகாரம்னா மாறக்கூடாது, ரெண்டும் ஒரே பொருள்ல எப்படி? எங்க சார்ட்ட கேட்டேன், பரீட்சைக்கு வராதுப்பான்னுட்டார்.

சும்மா_படிக்கிறவன் எழுதியது:

கேள்விக்கு பதில் இல்ல தம்பி, கூடவே என் சந்தேகமும். சீசியம்னா ரியாக்டர் விபத்துல வெளிய வர்ற சமாச்சாரம்ல, அத வச்சு கடிகாரம் பண்ணா பக்கத்துல நிக்கலாமா?

ரூபிடியம்_அக்கா எழுதியது:

சும்மா_படிக்கிறவன் சார், ரியாக்டர்ல வர்றது சீசியம் 137, அதுதான் கதிரியக்கம். கடிகாரத்துல இருக்குறது சீசியம் 133, அது சிதையாது, பூமியில இயற்கையா கிடைக்குற சீசியமே அதுதான். எதுவும் வெடிக்கிறதும் இல்ல சிதையுறதும் இல்ல, எலக்ட்ரான் ரெண்டு நிலைக்கு நடுவுல தாவுறதுக்கு சரியா எந்த அதிர்வெண் வேணுமோ அத பிடிச்சு வச்சுக்கிறோம், அவ்ளோதான்.

தம்பி மூணாம்பெஞ்ச், நல்ல கேள்வி. நான் பிஎச்டி குளிர் அணு லேப்லதான் பண்றேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோ.

முதல்ல ஏன் அணு. வாட்ச்சுல இருக்குற குவார்ட்ஸ் கிறிஸ்டல் நொடிக்கு 32,768 தடவ அதிரும், ஆனா அது மனுஷன் அறுத்து செஞ்ச பொருள், ஒரு கல்லு மாதிரி இன்னொரு கல்லு இருக்காது, வயசானா மாறும், சூட்டுக்கு மாறும், எவ்ளோ மாறிச்சுன்னு அத மட்டும் பாத்து கண்டுபிடிக்கவும் முடியாது. சீசியம் 133 அணு டெல்லில இருந்தாலும் பாரிஸ்ல இருந்தாலும் அச்சு அசல் ஒண்ணுதான், தேயாது. 1955-ல இங்கிலாந்துல டெடிங்டன்ல லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் முதல் சீசியம் கடிகாரத்த ஓட்டுனாங்க, 1967-ல நொடிக்கே புது வரையறை வந்துச்சு, அந்த தாவலுக்கான மைக்ரோவேவ் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 தடவ அதிர்ந்தா அது ஒரு நொடி. ஒண்ணு கவனி, அணு கடிகாரத்துக்குள்ளயும் குவார்ட்ஸ் இருக்கு, அதுதான் ஓடும். அணு பக்கத்துல நின்னு நீ கொஞ்சம் வேகமா போற, இப்ப மெதுவா போறன்னு திருத்திக்கிட்டே இருக்கும்.

இப்ப உன் கேள்வி. அணு எல்லாத்துக்கும் ஆடும், உண்மை. ஆனா ஒரு அணுவுக்குள்ள நிறைய நிலைகள் இருக்கு, எல்லா ஜோடியும் ஒரே மாதிரி ஆடாது. சீசியம் கடிகாரத்துக்கு எடுக்குற ஜோடி காந்தப்புலத்துக்கு முதல் படியில அசையவே அசையாத ஜோடி, மீதி இருக்குறது புலத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி வர்ற சின்ன நகர்வு, அத கணக்கு போட்டு கழிச்சிடலாம். ரூபிடியம் 87-லயும் இப்படி ஒரு கடிகார ஜோடி இருக்கு, ஆனா அதே அணுவுல வேற ஜோடி எடுத்தேன்னா ஒரு நானோடெஸ்லாவுக்கு 7 ஹெர்ட்ஸ் நகரும், பூமியோட புலத்துக்கு மட்டுமே 350 கிலோஹெர்ட்ஸ் வந்துடும், அது அருமையான காந்தமானி. ஒரே அணு, ஒரே கண்ணாடி குடுவை, எந்த ஜோடிய கேக்குறேங்குறதுதான் அது கடிகாரமா சென்சாரான்னு முடிவு பண்ணுது. எங்க லேப்ல ஒருத்தருக்கு தொல்லையா இருக்குற நகர்வு பக்கத்து டேபிள்காரருக்கு ஆராய்ச்சிப் பேப்பரே அதுதான்.

அப்புறம் வெளிச்சம் பட்டா மாறுதுன்னு சொன்னல்ல, அதுக்கு வந்த தீர்வுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஸ்ட்ரான்ஷியம் கடிகாரத்துல அணுக்கள ஆடாம பிடிச்சு வைக்க லேசராலயே குழி குழியா ஒரு தட்டு போடுவாங்க, ஆப்டிக்கல் லாட்டிஸ். ஆனா பிடிச்சு வைக்கிற அந்த லேசரே ஆற்றல் நிலைகள நகத்திடும், அப்புறம் கடிகாரம் எங்க. டோக்கியோல ஹிடெடோஷி கட்டோரி 2001 வாக்குல சொன்ன யோசனை என்னன்னா, நகர்வ தடுக்காத, மேல் நிலையும் கீழ் நிலையும் சரிக்கு சரி ஒரே அளவு நகர்ற மாதிரி ஒரு அலைநீளம் தேடு. ஸ்ட்ரான்ஷியத்துக்கு அது 813 நானோமீட்டர் பக்கத்துல இருக்கு, மேஜிக் அலைநீளம்னே பேர் வச்சுட்டாங்க. ரெண்டும் சேந்து நகர்றதால வித்தியாசம் அப்படியே நிக்குது, கடிகாரத்துக்கு வித்தியாசம்தான வேணும். அந்த தாவல் 698 நானோமீட்டர் சிவப்பு லேசர்ல, நொடிக்கு சுமார் 429 லட்சம் கோடி அதிர்வு. சீசியத்தோட 919 கோடி இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, ஒரு நொடிய எவ்ளோ பொடிசா வெட்ட முடியுதோ அவ்ளோ நல்லது. இவ்ளோ வேகத்த எந்த எலக்ட்ரானிக்ஸும் நேரா எண்ணாது, அத மைக்ரோவேவ் வரைக்கும் இறக்கி எண்ண வைக்கிறதுதான் ஃப்ரீக்வென்சி கோம்ப், 2005 நோபல்ல ஹாலுக்கும் ஹென்ஷுக்கும் பாதி அதுக்காகத்தான் வந்துச்சு.

சூடு இன்னும் மோசம். ரூம் சுவத்துல இருந்து வர்ற வெப்பக்கதிரே ஸ்ட்ரான்ஷியத்த 2 ஹெர்ட்ஸுக்கு மேல நகத்தும். கேக்க கம்மியா இருக்கும், ஆனா நல்ல கடிகாரம் கவலப்படுறது அதுல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ. அதனால அணுவ சுத்தி இருக்குற சேம்பரோட வெப்பநிலைய மில்லிகெல்வின் கணக்குல தெரிஞ்சு வச்சுக்கணும். உண்மைய சொல்லணும்னா நல்ல கடிகாரம் பண்றவன் பாதி நாள் தெர்மாமீட்டர் வேலைதான் பாக்குறான்.

கணக்குப்புலி_ரிட்டயர்டு எழுதியது:

எல்லாம் சரிம்மா, ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடிக்குது. பேப்பர்ல போடுறான், இந்த கடிகாரம் 3,000 கோடி வருஷத்துக்கு ஒரு நொடி கூட தப்பாதுன்னு. பிரபஞ்சத்துக்கே 1,380 கோடி வயசுதான. யார் உக்காந்து பாத்தா? அத விட நல்ல கடிகாரம் இல்லாம இது நல்ல கடிகாரம்னு எப்படி சர்டிஃபிகேட் குடுக்குறாங்க? தம்பி கேட்டதும் இதுதான், நீங்க அத தொடவே இல்ல.

ரூபிடியம்_அக்கா எழுதியது:

ஐயா அந்த வருஷக்கணக்கு வரியே எனக்கு ஆகாது. அது ஆயுள் ஜோசியம் இல்ல, வெறும் விகிதத்த தலைகீழா எழுதுனது. ஜிலால 2024-ல அவங்க ஸ்ட்ரான்ஷியம் கடிகாரத்தோட நிச்சயமின்மை 10-ன் அடுக்கு -19 அளவுல எட்டு பங்குன்னு சொன்னாங்க, அத தலைகீழா போட்டு வருஷமாக்குனா 3,900 கோடி வருதா, பத்திரிகைக்காரர் சந்தோஷமா போட்டுடுறார். அந்த மாதிரி கடிகாரம் எதுவும் வருஷக்கணக்குல நிக்காம ஓடுறது இல்ல, அணுவோட அதிர்வெண்ணுல லேசர பிடிச்சு வைக்கிற லாக் விட்டுப்போகும், வேக்குவம் பம்ப் மக்கர் பண்ணும், யாராச்சும் கதவ ஓங்கி சாத்துவாங்க.

சர்டிஃபிகேட் எப்படின்னா ரெண்டு வழி. ஒண்ணு, எது எதெல்லாம் நகத்துமோ அத ஒவ்வொண்ணா வேணும்னே பெருசாக்கி அளக்குறது. காந்தப்புலத்த ஏத்தி எவ்ளோ நகருதுன்னு பாத்து, அப்புறம் சின்ன புலத்துக்கு கணக்கு போடுறது, லாட்டிஸ் லேசருக்கும் அதே, அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு மோதுறதுக்கும் அதே. இந்த பட்டியல்தான் கடிகாரத்தோட ஜாதகம், ஒரு பேப்பர்ல பாதி பக்கம் இந்த டேபிள்தான் இருக்கும். ரெண்டாவது வழி ரெண்டு கடிகாரம் செஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுறது, வேற வேற அணுவா இருந்தா இன்னும் நல்லது, ஸ்ட்ரான்ஷியம் ஒண்ணு இட்டர்பியம் ஒண்ணு அலுமினியம் அயனி ஒண்ணு. மூணும் ஒரே மாதிரி தப்பு பண்ண வாய்ப்பு கம்மி.

தம்பி கேட்ட எது சரிங்குற கேள்விக்கு வரேன். உயரத்தால வித்தியாசம் வந்தா ரெண்டுமே சரி. அந்தந்த இடத்துல நேரம் அப்படித்தான் ஓடுது, கடிகாரம் அத உள்ளபடி சொல்லுது. கணக்கு இது, ஒரு மீட்டர் ஏறுனா 10-ன் அடுக்கு -16 அளவுக்கு வேகமாகும், ஒரு சென்டிமீட்டருக்கு -18. 2010-ல அமெரிக்காவோட அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்ல ரெண்டு அலுமினியம் கடிகாரத்துல ஒண்ண 33 சென்டிமீட்டர் உசத்தி வச்சு வித்தியாசத்த பாத்தாங்க. 2020-ல கட்டோரி குழு டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்துல கீழ ஒண்ணு, 450 மீட்டர் மேல ஒண்ணு வச்சு அளந்தாங்க, மேல இருக்குறது ஒரு நாளைக்கு 4 நானோநொடிக்கு கொஞ்சம் மேல முந்துது. லேப்ப விட்டு வெளிய எடுத்துட்டு போய் லிஃப்ட்ல ஏத்துற அளவுக்கு கடிகாரத்த கொண்டு வந்தாங்கங்குறதுதான் எனக்கு அதுல ஆச்சரியம்.

நீ பாத்த மில்லிமீட்டர் சமாச்சாரம் 2022-ல ஜிலாவுல ஜுன் யே குழு பண்ணது. சுமார் ஒரு லட்சம் ஸ்ட்ரான்ஷியம் அணுக்கள், மொத்தமே ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு. இதுல சூட்சுமம் என்னன்னா மேல இருக்குற அணுவையும் கீழ இருக்குற அணுவையும் ஒரே லேசர் ஒரே நேரத்துல கேக்குது. லேசர் தடுமாறுனா ரெண்டு பேருக்கும் ஒரே தடுமாற்றம். ஒரே பஸ்ல பக்கத்து பக்கத்து சீட்ல உக்காந்து ரெண்டு பேர் எழுதுனா ரெண்டு பேர் கையெழுத்தும் ஒரே இடத்துல கோணும்ல, அத கழிச்சிட்டா மிச்சம் அவங்கவங்க கையெழுத்து. லேசர்ங்குற நடுவரே வித்தியாசத்துல காணாம போயிடுறார், அதனாலதான் எந்த தனி கடிகாரமும் எட்டாத அளவுக்கு அந்த வித்தியாசத்த மட்டும் அளக்க முடிஞ்சுது. அதுக்கே சுமார் 90 மணி நேர டேட்டா சேத்தாங்க.

இதுல ஒரு தலைவலியும் இருக்கு. ரெண்டு நாட்டு கடிகாரத்த -18 அளவுல ஒப்பிடணும்னா ரெண்டோட உயரமும் ஒரு சென்டிமீட்டருக்குள்ள தெரியணும், அதுவும் தரையில இருந்து இல்ல, ஈர்ப்பு ஆற்றல் கணக்குல. தரையே நிலா இழுக்குறதுக்கு தினமும் பல சென்டிமீட்டர் ஏறி இறங்குது. அதனால சில பேர் திருப்பி போட்டுட்டாங்க, உயரம் தெரிஞ்சு கடிகாரத்த திருத்துறதுக்கு பதிலா கடிகாரத்த வச்சு உயரத்த அளப்போம்னு. அப்ப கடிகாரம் சர்வேயர் சாமான் ஆயிடுது.

கணக்குப்புலி_ரிட்டயர்டு எழுதியது:

இப்ப சரி. அந்த 3,000 கோடி வருஷத்த இனிமே பேப்பர்ல பாத்தா கடுப்பாகாம இருப்பேன்.

சிக்னல்_சண்முகி எழுதியது:

நான் பிசிக்ஸ் இல்ல, நேவிகேஷன் பக்கம் வேல. எங்களுக்கு ஒரு நானோநொடி தப்புனா தரையில 30 சென்டிமீட்டர் தப்பு, வேற எந்த தத்துவமும் வேணாம். ஜிபிஎஸ் சாட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, ஈர்ப்பு கம்மியானதால கடிகாரம் ஒரு நாளைக்கு 45 மைக்ரோநொடி முந்தும், சாட்டிலைட் வேகமா பறக்குறதால 7 மைக்ரோநொடி பிந்தும், நிகரமா 38 முந்துது. கண்டுக்காம விட்டா ஒரே நாள்ல 11 கிலோமீட்டர் அளவுக்கு தூரக்கணக்கு போயிடும்.

இதுல ஒரு ரசிக்கிற கதை இருக்கு. 1977-ல என்டிஎஸ்-2னு ஒரு சோதனை சாட்டிலைட்ல சீசியம் கடிகாரத்த அனுப்புனாங்க. அப்ப கூட சில பேருக்கு இந்த ஐன்ஸ்டீன் திருத்தம் தேவைதானான்னு சந்தேகம். அதனால திருத்தத்துக்கு ஒரு சுவிட்ச் மாதிரி வச்சு, அத ஆஃப்ல வச்சே ஏவிட்டாங்க. இருபது நாள் போல ஓட விட்டு பாத்தா கடிகாரம் முந்துன அளவு லட்சம் கோடிக்கு 442.5 பங்கு, தியரி சொன்னது 446.5. அப்புறம் சத்தமில்லாம ஆன் பண்ணிட்டாங்க.

நம்ம பக்கமும் பட்ட பாடு இருக்கு. ஜிபிஎஸ் மாதிரி இந்தியாவோட சொந்த அமைப்பான நேவிக்கோட முதல் சாட்டிலைட்ல இருந்த மூணு ரூபிடியம் கடிகாரமும் வெளிநாட்டுல வாங்குனது, மூணும் படுத்துடுச்சு. சாட்டிலைட் நல்லா இருக்கு, பவர் இருக்கு, மெசேஜ் அனுப்புது, ஆனா நேரம் சொல்ல முடியாத சாட்டிலைட்ட வச்சு இடம் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம்தான் இஸ்ரோ அகமதாபாத்துல சொந்தமா ரூபிடியம் கடிகாரம் செஞ்சு 2023 மே மாசம் என்விஎஸ்-01 சாட்டிலைட்ல ஏத்துனாங்க. சின்ன டப்பா மாதிரிதான் இருக்கும், அத செய்யத் தெரிஞ்ச நாடு உலகத்துல கை விட்டு எண்ணிடலாம்.

மூணாம்பெஞ்ச் எழுதியது:

அக்கா செம்ம, நிலைகளோட ஜோடிதான் முடிவு பண்ணுதுங்குறது இப்பதான் மண்டையில ஏறுச்சு. சண்முகி அக்காவுக்கும் நன்றி. இன்னொண்ணு, அணுவ கீழ போட்டு ஈர்ப்பு அளக்குறாங்கன்னு அதே வீடியோல வந்துச்சு. ஒரு அணு ஒரே நேரத்துல ரெண்டு பாதையில போகுதுன்னு வேற சொன்னாங்க. அது நிஜமாவா இல்ல வீடியோவுக்கு பில்டப்பா?

ரூபிடியம்_அக்கா எழுதியது:

நிஜம்தான். 1991-ல ஸ்டான்ஃபோர்டுல காசெவிச்சும் ஸ்டீவன் சூவும் பண்ணி காட்டுனது. லேசரால அணுக்கள மைக்ரோகெல்வின் அளவுக்கு குளிர வச்சு சும்மா விழ விடுவோம். விழும்போது மூணு லேசர் பல்ஸ். முதல் பல்ஸ் ஒவ்வொரு அணுவோட அலையையும் ரெண்டா பிரிக்கும், ஒரு பாதிக்கு ஒரு உதை கூட கிடைக்கும், ரெண்டாவது பல்ஸ் ரெண்டையும் திருப்பும், மூணாவது சேத்து வைக்கும். சேரும்போது ரெண்டு பாதையோட அலைக்கும் கட்ட (ஃபேஸ்) வித்தியாசம், அதாவது ஏத்த இறக்கம் எவ்ளோ முன்ன பின்ன இருக்குன்னு எத்தன அணு எந்த நிலையில முடிஞ்சுதுங்குறத வச்சு படிச்சிடலாம். அந்த கட்டம் ஈர்ப்பு முடுக்கத்த பொறுத்தது, பல்ஸ்களுக்கு நடுவுல விடுற நேரத்தோட வர்க்கத்த பொறுத்தது. நேரத்த ரெண்டு மடங்காக்குனா நாலு மடங்கு லாபம், அதனாலதான் ஆளாளுக்கு கோபுரம் கட்டுறாங்க, ஸ்டான்ஃபோர்டுல 10 மீட்டர், ஃபெர்மிலேப்ல மேஜிஸ்-100ன்னு 100 மீட்டர் சுரங்கக்குழாய்ல செட்டப் போட்டுக்கிட்டு இருக்காங்க. ஸ்டான்ஃபோர்டு கோபுரத்துல ஒரு அணுவோட ரெண்டு பாதைய 54 சென்டிமீட்டர் வரைக்கும் விலக்கி திரும்ப சேத்துட்டாங்க, 2015-ல. அந்த பேப்பர படிச்சிட்டு நான் ரொம்ப நேரம் கைய விரிச்சு வச்சு அது எவ்ளோ தூரம்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஆனா நடைமுறையில உன் எதிரி தரை. அணு சுதந்திரமா விழுது, லேசர திருப்பி அனுப்புற கண்ணாடி தரையில நிக்குது, தரை ஆடுது, ஆட்டம் அப்படியே சிக்னல்ல வந்துடும். இங்கயும் மருந்து அதேதான், மேல ஒரு அணுக்கூட்டம் கீழ ஒரு கூட்டம், ஒரே லேசர், கழிச்சிடு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல இத வண்டியில தள்ளிட்டு போய் ரோட்டுக்கு அடியில இருந்த சுரங்கப்பாதைய கண்டுபிடிச்சாங்க, 2022 நேச்சர்ல வந்துச்சு. மண்ணு இருக்க வேண்டிய இடத்துல காத்து இருந்தா ஈர்ப்பு ஒரு துளி குறையும், அத பிடிச்சிடுது. தோண்டாம குழாய், பள்ளம், பழைய சுரங்கம் தேடுறவங்களுக்கு இது உதவும், ஆனா இன்னும் விலையும் எடையும் இறங்கணும்.

வார்டு_டூட்டி எழுதியது:

நான் நரம்பியல் வார்டுல டெக்னீஷியன். மேல அக்கா சொன்ன ரூபிடியம் காந்தமானி எங்க பக்கம் எட்டிப்பாக்க ஆரம்பிச்சிடுச்சு. மூளைல நரம்பு வேல செய்யும்போது வர்ற காந்தப்புலம் நூறு ஃபெம்டோடெஸ்லா ரேஞ்சு, பூமியோட புலம் அத விட பல கோடி மடங்கு. இந்த மூளை காந்தப்புலத்த அளக்குற பழைய எம்இஜி மெஷின்ல ஸ்க்விட்னு ஒரு மீகடத்தி சென்சார், அது திரவ ஹீலியத்துல 4 கெல்வின்ல இருக்கணும், அதனால மண்டைக்கும் சென்சாருக்கும் நடுவுல இடைவெளி வந்துடும், ஹெல்மெட்டும் பெரியவங்க சைஸ்ல ஒரே அளவு, பேஷண்ட் ஆடக்கூடாது. வலிப்பு வர்ற நாலு வயசு குழந்தைய ஆடாம உக்காருன்னா உக்காருமா. ரூபிடியம் ஆவி சென்சார் சின்னது, ஹீலியம் வேணாம், மண்டையிலயே ஒட்டி வச்சுக்கலாம், 2018-ல நாட்டிங்காமும் லண்டன் யூசிஎல்லும் சேந்து தல ஆட்டி பந்து அடிக்கிற ஆள அளந்து காட்டுனாங்க. ஆனா ஒண்ணு, காந்தத்த தடுக்குற ரூம் இப்பவும் வேணும், அதுக்கு ஆகுற காச பத்தி யாரும் வீடியோல சொல்றது இல்ல.

மூணாம்பெஞ்ச் எழுதியது:

கடைசி கேள்வி சத்தியமா. இதுல எதையாச்சும் காலேஜ் ப்ராஜெக்ட்டா தொட முடியுமா, இல்ல கோடி ரூபா லேப் இருந்தாதானா?

ரூபிடியம்_அக்கா எழுதியது:

குளிர் அணுவ மறந்துடு, வேக்குவமே உன் காலேஜ் பட்ஜெட்ட முழுங்கிடும். ரூபிடியம் ஆவி குடுவ ஒண்ணு, 780 நானோமீட்டர் டயோடு லேசர் ஒண்ணு, ஃபோட்டோடயோடு, ஆஸிலோஸ்கோப், இது போதும். 780 ஏன் சல்லிசா கிடைக்குதுன்னா சிடி ப்ளேயர்ல இருந்தது அந்த பக்கத்து அலைநீளம்தான், ரூபிடியம் இவ்ளோ பிரபலமானதுக்கு அந்த டயோடும் ஒரு காரணம். எம்.எஸ்சி லேப் இருக்குற காலேஜ்ல பல இடத்துல இந்த செட்டப் பொட்டிக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கும், துறைத்தலைவர்ட்ட லெட்டர் குடுத்து கேளு. லேசரோட கரண்ட்ட மெதுவா ஏத்தி இறக்குனா ரூபிடியம் 85-ம் 87-ம் தனித்தனியா பள்ளம் பள்ளமா ஸ்கோப்ல தெரியும், அப்புறம் எதிர் திசையில இன்னொரு பீம் விட்டா அந்த பள்ளத்துக்குள்ள ஊசி ஊசியா கோடு வரும், அதுல ஒரு ஊசில லேசர லாக் பண்ணு. அத பண்ணிட்டேன்னா இந்த த்ரெட்ல பேசுன எல்லாத்துக்கும் முதல் படி அதுதான். குடுவ பக்கத்துல ஒரு காந்தத்த கொண்டு போய் ஊசி நகருதான்னு பாரு, கடிகாரக்காரன் பட்ற பாடு புரியும்.

முக்கியமா 780 கண்ணுக்கு மங்கலாதான் தெரியும், கம்மியான பவர்னு தோணும், ஆனா அப்படி இருக்காது. லேசர் பாதுகாப்பு கண்ணாடி போடாம டேபிள் மட்டத்துக்கு குனியாத, மோதிரம் வாட்ச் எல்லாத்தையும் கழட்டிடு, பீம தேட மொபைல் கேமராவ உபயோகி.